கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு வந்த விமானி

அறுபத்தேழோ அறுபத்தெட்டோ, வருஷம் சரியாக நினைவில் இல்லை. ராகி அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்காவை குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவுக்குப் பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கொஞ்சம் மானாவாரி நிலம்.

பெங்களூர்ப் பக்கத்துப் பயிற்சிக் கம்பெனி ஒன்றின் சின்ன விமானம் அடிக்கடி எங்கள் பக்கம் வந்து வட்டமடித்துவிட்டுப் போகும். வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு பழகிப்போயிருந்தது. அன்றைக்கு அது இன்ஜின் நின்றுபோய், மாமாவின் நிலத்தை ஒட்டிய பாறை மேட்டில் மோதி விழுந்தது. மாமா ஒண்டியாக அறுத்துக்கொண்டிருந்தார். அக்கா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

புகையைப் பார்த்து லாரிக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓட்டிவந்த விமானி கொஞ்ச தூரத்தில், அறுத்துப் போட்ட ராகிக் கட்டுகளுக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்தார். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர் விமானத்துக்குள்ளேயே இறந்திருந்தார். என் மாமா பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கருகிக் கிடந்தார். மூடியிருந்த அவர் கையைப் பிரித்தபோது, உள்ளே அந்த இளைஞரின் கைக்கடிகாரம் இருந்தது.

அந்தக் கடிகாரம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது.

காரியம் முடிந்த சில நாட்களில் கம்பெனி ஆள் ஒருவர் காரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கருணை அடிப்படையில் கம்பெனி ஒரு தொகை கொடுக்கும், ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். விழுந்த விமானத்தில் சாமான் எடுக்கப் போன இடத்தில் மாமாவின் பீடி நெருப்பு பட்டுத்தான் தீப்பிடித்தது, கம்பெனி மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திருடப் போனாருன்னு நானே கைநாட்டு வெச்சிட்டு, அந்தக் காசுல இந்தப் புள்ளைக்குச் சோறு போடணுமா? போயிட்டு வாங்க."

ஊரில் பல பேருக்கு அது சரியாகப் படவில்லை. வருகிறதை வாங்கிக்கொண்டு போகாமல் வீம்பு பிடிக்கிறாள் என்றார்கள். கடிகாரம் எப்படி அவன் கைக்கு வந்தது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு. அக்கா தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் அழுது நான் பார்க்கவில்லை. மாமாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

கிருஷ்ணகிரியில் எங்கள் மண்டி முதலாளிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார், வயதான கிறிஸ்தவர். அக்காவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நஷ்டஈடு கேட்டு கேஸ் போடலாம்மா. பிளேன் விழுந்து ஒருத்தர் செத்தா கம்பெனி பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா அவங்க திருட்டுங்கறாங்க, பீடிங்கறாங்க. இல்லேன்னு சொல்றதுக்குப் பார்த்தவங்க யாராச்சும் வேணுமே."

பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். அந்த விமானி. அவருக்கு எதுவும் நினைவில்லை, சொந்த ஊருக்கே போய்விட்டார் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

நான் பெங்களூர் பஸ் ஏறினேன். அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா ஒருத்தியிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கெஞ்சிக் கேட்டேன். அவர் எந்த ஊருக்கும் போகவில்லை, கன்டோன்மென்ட்டில் ஒரு வீட்டு மாடியில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. வடநாட்டுக்காரர். முகத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தீக்காயம். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அந்த வீட்டுக்காரம்மா தமிழ் பேசுகிறவர், அவர்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னார்.

நான் வந்த காரணத்தைச் சொல்லச் சொல்ல, அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இறந்தவர் விவசாயி என்பதும், அவருக்கு மனைவி இருப்பதும் அப்போதுதான் விமானிக்குத் தெரியும் போலிருக்கிறது. குழந்தை உண்டா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவருக்கு இன்னும் அந்தக் கம்பெனி சம்பளம்தாம்ப்பா. கோர்ட்டுக்குப் போனா வேலை போயிடும்னு சொல்லி வெச்சிருக்காங்க" என்றார் வீட்டுக்காரம்மா. கேஸ் நடக்கும் இடத்தையும் வக்கீல் பெயரையும் அவரிடம் சொல்லிவிட்டு, நம்பிக்கையில்லாமல் திரும்பி வந்தேன்.

விசாரணை ஆரம்பித்து அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் சத்தம் போடாமல் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உன் புருஷனை யாராவது அங்க கூப்பிட்டாங்களாம்மா?"

"உள்ள ஆளுங்க கத்தியிருப்பாங்க, ஓடியிருப்பாருங்க. வேற என்னாத்துக்கு ஒருத்தரு நெருப்புக்குள்ள போவாரு?"

"நீ பார்த்தியா?"

"இல்லீங்க" என்றாள். அவர் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு நாங்கள் போனபோது, கோர்ட்டு வராந்தாவில் கோட்டுப் போட்ட ஒருவர் ஒண்டியாகச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பினார். பாதி முகம் வெந்திருந்தது. கன்டோன்மென்ட் மாடியில் பார்த்த அதே விமானி. யாரும் சம்மன் கொடுத்துக் கூப்பிடவில்லை. தானாகவே பஸ் பிடித்து வந்திருந்தார். கம்பெனி ஆட்கள் அவரிடம் போய் ஏதோ சொன்னார்கள். அவர் சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

எங்கள் வக்கீல் ஜட்ஜிடம் அனுமதி வாங்கி அவரைக் கூண்டில் ஏற்றினார். விமானி இங்கிலீஷில் பேசினார். அக்காவுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொன்னார் ஜட்ஜ்.

இன்ஜின் சரியில்லை என்று தான் முன்னமே கம்பெனியில் சொன்னதாகவும், பரவாயில்லை போ என்று அனுப்பியதாகவும் சொன்னார். விமானம் தரையில் மோதுவதற்கு முன்பே புகை வந்துவிட்டது. கதவு மாட்டிக்கொண்டது. யாரோ ஒருவர் வெளியிலிருந்து கதவைப் பெயர்த்து, தன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போட்டார். அந்த இழுப்பில் தன் கடிகாரமும் அறுந்து எங்கோ விழுந்துவிட்டது, மாணவனுடையதும் அப்படித்தான் அவர் கையோடு வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, கோட்டுக் கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினார்.

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே என் மாணவன் கத்திக்கொண்டிருந்தான். அந்த மனிதருக்கு என் பாஷை தெரியாது. அதனால் கையைக் காட்டினேன். அவரை மறுபடியும் உள்ளே அனுப்பியது நான்தான்."

ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். நீங்கள் அரை மயக்கத்தில் இருந்தீர்கள், இதெல்லாம் பிறகு உங்கள் மனசில் தோன்றிய கற்பனை என்றார்.

"தெரியாத பாஷையில் ஒருவனால் கற்பனை செய்ய முடியுமா?" என்று கேட்டார் விமானி. "அவர் திரும்பிப் போகும்போது, உள்ளே இருந்தவனைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் காதில் கேட்கிறது."

என்ன சொன்னார் என்று ஜட்ஜ் கேட்டார். விமானி கண்ணை மூடிக்கொண்டார். எழுத்து எழுத்தாக, தடுக்கித் தடுக்கி, எங்கள் ஊர்த் தமிழில் அவர் வாயிலிருந்து வந்தது.

"இரு சாமி... வந்துட்டேன்... வந்துட்டேன்."

அது மாமாவேதான். குழந்தை தொட்டிலில் அழுதால், வாசலிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவார். அந்தக் கூடத்தில் நின்ற டவாலிச் சேவகனுக்குப் புரிந்தது, கம்பெனி வக்கீலுக்கும் புரிந்தது. அர்த்தம் தெரியாமல் நின்றது சொன்னவர் ஒருவர் மட்டும்தான். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதன் பொருளை இங்கிலீஷில் மெதுவாக அவருக்குச் சொன்னார். விமானி கூண்டின் கட்டையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவர் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். அக்கா எங்கள் வக்கீலைப் பார்த்து, "இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். அப்போதுதான் அக்கா அழுதாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்.

"நீங்க கையைக் காட்டலைன்னாலும் போயிருப்பாருங்க. புள்ள சத்தம் கேட்டா நிக்கற ஆளில்ல அவரு. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

வக்கீல் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண்ணீர் வழிந்துவிட்டது.

தீர்ப்பு அக்காவுக்குச் சாதகமாக வந்தது. பிறர் உயிரைக் காப்பாற்றப் போய் இறந்தவர் என்று ஜட்ஜ் தீர்ப்பிலேயே எழுதியிருந்தார். அந்த வரியை வக்கீல் படித்துக்காட்டியபோது, "ஊர்ல எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு தடவை படிக்க முடியுங்களா?" என்று அக்கா கேட்டாள். அந்த வயதான மனுஷர் நிஜமாகவே அக்கா ஊருக்கு வந்து, கோயில் முன்னால் நின்று படித்துவிட்டுப் போனார். நஷ்டஈடு இழுத்தடித்துத்தான் வந்தது. அதில் அக்கா கிணறு வெட்டினாள், மகனைப் படிக்க வைத்தாள்.

விமானிக்கு வேலை போய்விட்டது. நன்றி சொல்ல நான் மறுபடி கன்டோன்மென்ட் போனபோது மாடி காலியாக இருந்தது. வடக்கே போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றார் வீட்டுக்காரம்மா. அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

பாஷை தெரியாதவனுக்காக நெருப்புக்குள் போன ஒருவரையும், பாஷை தெரியாத ஊரில் வந்து தனக்கு எதிராகவே உண்மையைச் சொன்ன ஒருவரையும் என் ஒரே ஆயுசில் பார்த்துவிட்டேன் என்பதால், மனுஷர்கள் மேல் எனக்கு எத்தனை கோபம் வந்தாலும் அது இன்றுவரை முழுசாக நிலைப்பதில்லை.