தின்கிற தங்கமும் தின்னாத தங்கமும்

சாக்லேட் தொழிலில் பாதி வேலைதான் அடுப்படியில். மீதி, அதன் மேல் என்ன படம் போடுவது என்று வருகிறவர்களிடம் மல்லுக்கட்டுவது.

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கல்யாணம், பூணூல், பிறந்தநாளுக்கு சாக்லேட் செய்கிறேன். படம் போட டிரான்ஸ்ஃபர் ஷீட் என்று ஒன்று உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் கலர் கலந்த கோகோ வெண்ணெயில் டிசைன் அச்சடித்திருக்கும். உருக்கிய சாக்லேட்டை அதன் மேல் ஊற்றி, இறுகியதும் உரித்தால் டிசைன் சாக்லேட்டில் ஒட்டிக்கொள்ளும். வேலை இவ்வளவுதான். எந்த ஷீட் என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை. உங்களில் யாராவது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

பிள்ளையாரை யார் கடிப்பது?

மாதுங்காவிலிருந்து வந்த மாமி, பேரன் பூணூலுக்குப் பிள்ளையார் படம் போட்ட ஷீட்தான் வேண்டும் என்றார். "மாமி, பிள்ளையாரை யார் கடிப்பா? கோலம் போட்டது இருக்கு, தாமரை இருக்கு" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே!

வந்தவர்கள் ஒருவரும் தின்னவில்லை. தூக்கிப் போடவும் மனசு வராமல் அவரவர் வீட்டு ஸ்வாமி அலமாரியில் வைத்துவிட்டார்கள். மே மாதம். பிள்ளையார் உருகி வழிந்து, எறும்பு சாரை சாரையாக வந்ததாம். எல்லோரும் மாமிக்கு போன் செய்ய, மாமி எனக்கு போன் செய்தார். நான் சொன்னதை நினைவுபடுத்த வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்:

"பிள்ளையார் கரைஞ்சா விசர்ஜனம்னு எடுத்துக்கலாம். எறும்பு வந்தா என்னன்னு எடுத்துக்கறது, நீயே சொல்லு!"

புடவைக் கலர்

கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி வாட்ஸ்அப்பில் கூறைப்புடவையின் போட்டோவை அனுப்பி, அதே அரக்குக் கலரில் ஷீட் வேண்டும் என்றாள். சாக்லேட்டோ கறுப்பாக இருக்க வேண்டுமாம். கறுப்பின் மேல் அரக்கு எடுக்காது, வெள்ளை சாக்லேட் போடலாம் என்றேன். வெள்ளையெல்லாம் சாக்லேட்டில் சேர்த்தியே இல்லை என்று எனக்கே பாடம் எடுத்தாள். சரி, உன் பாடு என்று போட்டுக் கொடுத்தேன். டிசைனே இல்லை என்று மறுநாள் டப்பாவோடு வந்து நின்றாள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். பூவும் கொடியும் அழகாகத் தெரிந்தன. அதற்கும் பதில் வைத்திருந்தாள்:

"கல்யாணத்துக்கு வர்றவாள்ளாம் ஜன்னலண்டை நின்னு திருப்பித் திருப்பிப் பாத்துண்டா திம்பா?"

கொதிக்கிற பாகு

தாராவியில் மிட்டாய் போடுகிற இசக்கிமுத்து அண்ணாச்சி, காதுகுத்து வீட்டு ஆர்டர் ஒன்றுக்கு என்னிடம் ஷீட் கேட்டு வந்தார். சீனிப்பாகுக்கு இது சரிப்படாது அண்ணாச்சி, பாகு ஆறி இறுகினதும் ஒட்டுகிற மாவுத்தாள் தனியாக இருக்கிறது, அதுவும் தின்னக்கூடியதுதான் என்று எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்து, அப்பளம் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டு, ஒரு கட்டு பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடிவாதமாக வாங்கிப் போனார். கொதிக்கிற பாகை அப்படியே அதன் மேல் ஊற்றியிருக்கிறார். ஷீட் சுருண்டு, கலரெல்லாம் ஓடி, மிட்டாய் மொத்தமும் குப்பைக்குப் போனது. கோபம் யார் மேல்? என் மேல்தான்.

"சூடு தாங்காத சாமானை எல்லாம் மிட்டாய்க்காரன்ட்ட எதுக்கும்மா காட்டுதீய?"

தங்கம்

மேலே சொன்னதெல்லாம் தமாஷ் என்று விட்டுவிடலாம். இதை விட முடியவில்லை.

எனக்கு வரும் ஆர்டரில் முக்கால்வாசி, மாதுங்கா கல்யாண கான்ட்ராக்டர் சேஷாத்ரி மாமா மூலமாக வருவது. அவர் கைவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஒரு நாள் மொத்த மார்க்கெட்டிலிருந்து பளபளவென்று தங்க ஷீட் வாங்கி வந்தார். ஒரு குழந்தையின் ஆண்டுநிறைவுக்கு, வருகிற வாண்டுகளுக்குக் கொடுக்கும் சாக்லேட்டில் ஒட்ட வேண்டுமாம். உறையின் பின்னால் 'அலங்காரத்துக்கு மட்டும், உண்பதற்கல்ல' என்று போட்டிருந்தது. காட்டினேன்.

"விஷமில்லைன்னும் போட்டிருக்கே! சல்தா ஹை, பரவாயில்லைம்மா" என்றார்.

"செருப்புகூட விஷமில்லை மாமா. திங்கறோமா?" என்றேன். தின்கிற தங்கமும் என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் மங்கல், அதைப் போடுகிறேன் என்றும் சொன்னேன். மங்கல் வேண்டாம் என்று ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார். தை முகூர்த்தம் முழுக்க என் பின்னறையில் ஏ.சி. ஓடவில்லை. "ஒரு ஷீட்டுக்காகவா இப்படி?" என்று என் கணவர் வேறு. வறட்டுப் பிடிவாதம்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாசியில் மாமாவே வாசலில் வந்து நின்றார். பேரனுக்கு ஆண்டுநிறைவாம். அந்தப் பளபள ஷீட்டைத்தானே ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். பதறிப்போனார்.

"ஐயையோ, அது வேண்டாம்மா! உன்னோட மங்கலே போடு. என் பேரன் வாயில வெச்சுக்கப் போறான்."

ஆக, எந்த ஷீட் தின்னத் தகுந்தது என்பது உறையைப் படித்துத் தெரிவதில்லை, தின்னப் போவது யார் வீட்டுக் குழந்தை என்பதைப் பார்த்துத்தான் தெரிகிறது.