கேட்டுவிட்டு எடுப்பவர்

கேமராக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதே மரக்கிடங்கு வாசலில் காவல் இருந்தபோது ஒரு ராத்திரி கண்ணயர்ந்துவிட்டேன். வாய் பிளந்து கிடந்த என்னை எவனோ ஒரு புண்ணியவான் படம் பிடித்துப் பரப்பிவிட்டான். வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் சம்பந்தி என்னைப் பார்த்தால் கொட்டாவி விட்டுக் காட்டுவார்.

அதனால் எக்ஸ்ரேக்காரம்மா கேமராவும் ஸ்டாண்டுமாக முதலில் வந்தபோது தடியோடுதான் போனேன்.

"யாரக் கேட்டு எடுக்குற?"

"உங்களக் கேக்கத்தாண்ணே நிக்கிறேன். இன்னும் எடுக்கலையே."

பகலில் ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுக்கிறார். இருட்டியபின் ஆளற்ற தெருவை எடுக்கிறார். மின்னும் பட்டை தைத்த மேல்சட்டை இல்லாமல் வரமாட்டார். ஸ்டாண்டின் ஒரு கால்கூட நடைபாதையை விட்டு இறங்காது. பளிச்சென்று விளக்கு அடிக்கவே மாட்டார். "வண்டில வர்றவரு கண்ணு கூசினா நம்ம மேலயே ஏத்திட்டுப் போயிடுவாரு." வெளிச்சம் தெரியும் ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பமாட்டார். கண்ணை அதில் வைக்கும் முன், "அண்ணே, என் முதுகுப் பக்கம் பாத்துக்கோங்க" என்பார். பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் எனக்குப் பிடரி சிலிர்க்கும்.

இருட்டில் ஒரு படம் பதிய நேரமாகுமாம். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் காலித் தெருவைப் பார்த்து, "மூச்ச இழுத்து நிறுத்துங்க" என்பார். பிறகு, "விடலாம்." அதுவரை நாய்கூடக் குரைக்காது. சத்தியமாக.

எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர் படுத்திருப்பார். பக்கத்தில் ஒரு மூட்டை, அதற்கொரு பூட்டு. ஒவ்வொரு தடவையும் அம்மா போய், எடுக்கலாமா என்று கேட்பார். பெரியவர் முகத்தை மறைத்துக் கையைத் தூக்குவார். "சரிங்க ஐயா" என்று அம்மா ஸ்டாண்டைத் திருப்பிக்கொள்வார்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை பெரியவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்து மகள் தேடி வந்தாள். "போலீஸ்ல கண்ணு மூடின படந்தான் குடுத்தாங்க. அப்பா கண்ணு திறந்து இருக்கிற மாதிரி ஒண்ணாவது இருக்காக்கா?" எக்ஸ்ரேக்காரம்மாவிடம் தெருவே படமாக இருந்தது. அந்தப் பெஞ்சு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

அதிலிருந்து காலிப் பெஞ்சிடம் போய்க் கேட்கிறார். குனிந்து காத்திருப்பார். "சரிங்க ஐயா" என்று திரும்புவார்.

"ஏம்மா, ஆளே இல்ல. எடுத்துட்டுப் போயேன்."

"கையத் தூக்குறாருண்ணே."

நேற்று என்னிடமே வந்தார். "தனியா எடுக்கத்தான் கூச்சப்படுறாரு போல. கூட நீங்க உக்காருறீங்களா? உங்களுக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம்."

இதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்ப் பெஞ்சு நடுவில் உட்கார்ந்தேன். அம்மா கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே."

தள்ளினேன்.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

பதறிப்போய் மறுகோடிக்கு நகர்ந்தேன். தெரு அடங்கியது. அம்மா ஒரு விரலை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் மூச்ச இழுத்து நிறுத்துங்க."