ஒரே பச்சை

நான் அடிக்கச் சொன்ன வண்ணத்தை பெயின்டர் தானாகவே அடித்துவிட்டார் என்று அதிகாரியிடம் பொய் சொன்னேன். அந்தப் பெயின்டர் அப்போது என் பக்கத்தில்தான் நின்றார்.

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தேன். அருகில் இலங்கைத் தமிழர் முகாம். அங்கிருந்து பெயின்ட் வேலைக்கு வருபவர் அவர். முகாமை விட்டு வேலைக்குப் போக அனுமதி வேண்டும். அதை நம்பித்தான் அவர் குடும்பம் இருந்தது. மாலையில் பெயர் கூப்பிடும்போது அங்கே இருக்க வேண்டும் என்பதால், வெயில் தாழுமுன்பே பிரஷ்களைக் கழுவத் தொடங்கிவிடுவார்.

அந்த நாட்களில் நான் மேடைகளில் பேசுவேன். நாடு என்பது அரசாங்கம் போட்ட கோடு அல்ல, ஒரே மொழியும் நினைவும் கொண்ட மக்கள் வாழும் இடம்வரை அது நீளும் என்பேன். கைதட்டுவார்கள். அவரும் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

பள்ளிச் சுவரில் தெற்காசிய வரைபடம் வரைய அவரை வைத்தேன். தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கும் ஒரே பச்சையை அடிக்கச் சொன்னேன்.

“பிரச்சினை வராதோ, ஐயா?”

“நான் இருக்கேனுங்க. பயப்படாம அடிங்க.”

அடித்தார். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், தனி நாடு நம்ம செவுத்துலயே பொறந்துருச்சுங்களா?” என்றார். நானும் சிரித்தேன். யாரோ புகார் கொடுத்து, விசாரிக்க அதிகாரி வந்தபோது சிரிப்பு போய்விட்டது. எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“யாருங்க இப்படி அடிக்கச் சொன்னது?”

“தெரியாதுங்க சார். நான் படத்த மட்டுந்தான் குடுத்தேன். அவங்க வேற நாட்டு ஆளுங்க. மனசுல என்ன இருக்குதுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?”

 பெயின்டர் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அவருடைய அனுமதி ரத்தானது. படத்தின் மேல் வெள்ளையடிக்க வேறு ஆள் வந்தார். அடுத்த கூட்டத்திலும் நான் அதே பேச்சைப் பேசினேன். கைதட்டல் குறையவில்லை.

ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. விசாரித்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், அடிக்கச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் அவருக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகே முகாமுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே பேசினார்.

“என்னை மன்னிச்சுக்குங்க” என்றேன்.

“வேற நாட்டு ஆள் எண்டு பொலிஸ்காரர் சொன்னால் எனக்கு நோகாது, ஐயா. அது அவையின்ர வேலை. நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “இஞ்சருங்கோ, ஆர் வந்தது?” என்று கேட்டார்.

“இந்த நாட்டுக்காரர் ஒருத்தர்” என்றார்.

பிறகு பெயின்ட் வாளியை மொபெட்டில் மாட்டினார். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார்.