கால் எடுத்தால் அணைகிற வண்டி

எங்கள் காரின் சாவிக்கொத்தில் பழநியில் வாங்கிய சின்னப் பித்தளை மணி ஒன்று தொங்கியது. வண்டி சாலையில் ஓடும்போது அதன் சத்தம் காதில் விழாது. எங்காவது நிறுத்தி என்ஜினை மட்டும் ஓடவிட்டால் போதும், வண்டி முழுக்கக் குலுங்கி, மணி கிணுகிணுவென்று அடித்து, கடைசியில் என்ஜின் ஒரு விக்கல் விக்கிவிட்டு அணைந்துபோகும். இன்றைக்கும் எந்தக் கோயிலில் கைமணி சத்தம் கேட்டாலும் எனக்குக் கற்பூர வாசனைக்கு முன்பாகப் பெட்ரோல் வாசனைதான் அடிக்கிறது.

சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓடியது. நீலக் கரை போட்ட துண்டுகள் நெய்தோம். அப்பாவால் தறியை விட்டு நகர முடியாது என்பதால், துண்டுக் கட்டுகளைக் காந்திபுரத்துக் கடைகளில் சேர்க்கும் வேலையை அம்மா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்காகவே காரோட்டக் கற்று லைசென்சும் எடுத்தாள். எங்கள் வீதியில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. வண்டியை வெளியே எடுக்கும்போது வாசல்தோறும் ஆட்கள் நிற்பார்கள். அம்மா யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்த முகத்தோடு கண்ணாடியைச் சரிசெய்துகொள்வாள். பின் இருக்கையில் துண்டுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமைக்குத்தான் சிங்காநல்லூர் சிக்னலில் கேடு வந்தது. சிவப்பு விழுந்து வண்டி நின்றதும் மணி அடிக்கும், என்ஜின் அணையும், பச்சை விழும், பின்னால் இருக்கிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்கும். சேதி வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “கிளச்சு வுடத் தெரியோணும். அது பொம்பளைங்களுக்குப் பிடிபடாது. ஒரு டிரைவரப் போட்டுக்க” என்று அப்பாவிடம் சொன்னார். அதற்குச் சாட்சியும் இருந்தது: அப்பா ஓட்டினால் அந்த வண்டி ஒருநாளும் அணையாது. அப்பா அம்மாவைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் டிரைவருக்கு ஆள் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். டிரைவர் வந்துவிட்டால் அம்மாவின் காந்திபுரம் முடிந்தது, வீதியில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திறந்துவிடுவார்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அம்மாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவளுடைய இடது கால் ஸ்டூலுக்கு அடியில் மெல்ல மெல்ல மேலே எழும்பும். கண்ணுக்குத் தெரியாத கிளச்சை விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அந்தக் காலைப் பார்க்க எனக்கு அழுகையாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். அப்பா ஓட்டினார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புளியம்பட்டியில் சந்தைக் கூட்டம் மறித்துக்கொள்ள, வண்டி ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நின்றது, அணையவில்லை. ஊரே சந்தையை வேடிக்கை பார்க்க, அம்மா குனிந்து அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒரு பழக்கம், வண்டி நின்றாலும் வலது கால் ஆக்சிலேட்டரை விடாது, ‘ரேஸ்’ கொடுத்துக்கொண்டே இருப்பார். அம்மாவோ பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, நின்றதும் நூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுகிறவள்.

“ஏனுங்க, கியரு நூட்ரல்லதானுங்க இருக்குது?”

“ஆமா.”

“அந்த வலது காலக் கொஞ்சம் எடுங்க. பாக்கோணும்.”

அப்பா எடுத்தார். மணி அடித்தது. அப்பாவின் கைக்குள்ளேயே வண்டி விக்கி அணைந்துபோனது.

“கிளச்சுல நீங்க காலே வெக்கலீங்க,” என்றாள் அம்மா. “கோளாறு வண்டிலதானுங்க. என்ற கால்ல இல்லீங்க.”

கல்யாண மண்டபத்துக்குப் போனதும் அப்பா பெரியப்பாவைத் தேடிப்போய், பந்தியில் நாலு பேர் கேட்க, நடந்ததை நடந்தபடியே சொன்னார். அப்பாவை எனக்கு மிகவும் பிடித்துப்போன நாட்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் திருச்சி ரோட்டுப் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றினார். காற்றும் பெட்ரோலும் கலக்கிற பாகம் அது. கால் வைத்து ஓட்டும்போது பெட்ரோல் பெரிய வழியில் போகும், காலை எடுத்தால் ஊசிமுனை அளவு துளை ஒன்றின் வழியாகத்தான் போகும், அந்தச் சின்னத் துளைதான் அடைத்திருக்கிறது என்று அவர் காட்டினார். துளையைச் சுத்தம் செய்து மாட்டப்போனவரை அம்மா நிறுத்தி, அடைத்தது எது என்று பார்க்கக் கேட்டாள். அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மயிரிழை போல ஒரு இணுக்கு, நீல நிறம்.

“இது நம்ம தறி நூலுங்கண்ணா” என்றாள் அம்மா.

நேரே வண்டியின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் ஊற்றுகிற வாயைத் திறந்தாள். மூடி தொலைந்து வெகுநாள் ஆகியிருந்தது. கைக்குக் கிடைத்த தறிக்கழிவு நூலை உருட்டி அப்பா அதில் அடைத்துவைத்திருந்தார். தறிக்காரர் வீட்டில் எண்ணெய் துடைப்பதிலிருந்து எலிப்பொந்து அடைப்பது வரை எல்லாவற்றுக்கும் அந்த ‘வேஸ்ட்டு’தான், யாருக்கும் அது தப்பாகவே தோன்றியிருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் போட்டு அழுத்தி அடைக்கும்போது நூல் உதிர்ந்து டேங்குக்குள் போய், வழியில் கிழிந்துகிடந்த சல்லடையைத் தாண்டி, அந்தத் துளையில் போய் உட்கார்ந்திருக்கிறது. புது மூடியும் சல்லடையும் மாட்டியபின் மணி அடங்கியது. டிரைவர் பேச்சு அதோடு போயிற்று. அம்மா அதற்குப்பின் எத்தனையோ வருஷம் காந்திபுரம் போய்வந்தாள்.

இப்போது கொட்டகையில் தறி இல்லை, வாடகைக்கு விட்டிருக்கிறோம். கார்புரேட்டர் வைத்த கார்கள் ரோட்டில் கண்ணில் படுவதே அபூர்வம். என் காருக்குச் சாவிகூட நுழைக்க வேண்டியதில்லை, பொத்தானை அமுக்கினால் கிளம்புகிறது. போன வாரம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப்போனேன். சிங்காநல்லூரில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றதும் என்ஜின் தானாக அணைந்தது. அம்மாவின் இடது கால் சட்டென்று தரையை அழுத்தியது.

பயப்படாதே அம்மா, பெட்ரோல் மிச்சம் பிடிக்க இந்த வண்டியே அணைத்துக்கொள்ளும், பிறகு தானாகக் கிளம்பிவிடும், புதுக் காரில் இதுதான் விசேஷம் என்றேன். அம்மா சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப அணைஞ்சாத்தான் நல்ல வண்டியா?” என்றாள். “உங்க பெரியப்பா இருந்திருந்தா, ஒருக்கா இதுல ஏத்திக் கூட்டியாந்திருக்கலாம் கண்ணு.”

பச்சை விழுந்தது. காலைத் தூக்கிக்கொண்டாள்.