சுவருக்குள் இருந்த பசி

எங்கள் வீட்டுச் சுவர் மூச்சு விடுகிறது என்று முதலில் சொன்னது நான் இல்லை, என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட அக்கா. சாமல்பட்டிக்காரி. ஓசூரில் ஒரு பட்டறையில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டினாள். நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலையில் வந்து, ஹால் சுவரோரம் பாயை விரித்து, பகலெல்லாம் தூங்குவாள். நான் வேறொரு கம்பெனியில் தரச் சோதனையில் இருந்தேன். எனக்கு எப்போதும் பகல் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திடீரென்று எழுந்து உட்கார்ந்து சுவரையே பார்த்தாள்.

"ஏண்டி, செவுத்துக்குள்ள எதுனா வுட்டு வச்சிருக்கியா?"

"பைப்புதான் போவுது, தெரியாதா? தண்ணி சத்தம்க்கா."

"ஒன்ற வருசமா தண்ணி சத்தத்துலதான் தூங்குறன். இது தண்ணி இல்ல. மூக்கு அடச்சவன் மூச்சு வுடற மாதிரி இருக்குது."

"ஷிஃப்ட்ட மாத்தச் சொல்லு. உனக்கு முத்திப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

அந்தச் சுவரில் பைப் போனதே அவளால்தான். ஹாலில் என் கடல் இருந்தது: நான்கடிக் கண்ணாடித் தொட்டி, உப்புக் கலந்த ஆர்.ஓ. தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு பவளம். ஓசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஓர் இரவுப் பயணம். அதனால்தானோ என்னவோ, எனக்கு அது வேண்டியிருந்தது. மோட்டார் இரைச்சலில் பகலில் தூங்க முடியவில்லை என்று அவள் அழாத குறையாகச் சொன்னபோது, மோட்டாரையும், தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டியையும் வீட்டின் பின்கட்டுக்கு மாற்றினேன். அங்கிருந்து சமையலறையைச் சுற்றி, சுவரைத் துளைத்து ஹாலுக்கு வரும் நீண்ட பிளாஸ்டிக் பைப். ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் இப்படியெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

பவளத்தை மூன்று வருடம் முன்பு பெங்களூரில் வாங்கினேன். ஒரே ஒரு தலை. சோறு வைக்கும் ஹாட்பாக்ஸில் கடல்நீரோடு அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றபோதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்று வருடத்தில் அது பதினோரு தலையானது. சுத்தியல் நுனிகளைப் போன்ற பச்சை விரல்களை விரித்துக்கொண்டு நாளெல்லாம் அசையும். நான் இதுவரை முழுதாக வளர்த்த ஒரே பொருள் அதுதான்.

பவளம் தன் எலும்பைத் தண்ணீரிலிருந்து கட்டுகிறது. கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துக் கல்லாக்கும். எடுத்ததை நாம் திருப்பி ஊற்ற வேண்டும். மக்னீசியமும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்றியது வெள்ளை மாவாகக் கீழே படிந்துவிடும். தினமும் காலையில் சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணுவேன். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ அதுதான் காரத்தன்மை. எட்டு இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தது, முதல் இரண்டு வருடம்.

பிறகு ஏழு. கால்சியமும் காரமும் கலந்த மருந்தை ஊசிக் குழலில் கொஞ்சம் கூடுதலாக விட்டேன், எட்டானது. அடுத்த வாரம் மறுபடி ஏழு. மறுபடி கூட்டினேன். பவளம் நன்றாகச் சாப்பிடுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கம்பெனியில் செய்வதைப் போலவே தினசரி காரத்தன்மையைத் தாளில் கோடு போட்டு ஒட்டினேன். கோடு நேராகப் போனது. அதைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே மாதத்தில்தான் பவளத்தின் விரல்கள் சுருங்கத் தொடங்கின. ஓரத்துத் தலை ஒன்றில் சதை பின்வாங்கி, வெள்ளை எலும்பு தெரிந்தது. பிறகு இன்னொன்று. பன்னிரண்டு நாளில் ஐந்து தலைகள் போயின. மருந்தின் அளவோ முன்பைவிட மூன்று மடங்காகியிருந்தது. சாகக் கிடக்கிற ஒன்று இத்தனை சாப்பிடுமா?

அக்காவிடம் தாளைக் காட்டினேன். பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள்.

"கோடு நல்லாதான இருக்குது?"

"கோடு நல்லா இருக்குது. அது சாவுது."

வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தாள். "தெனம் மருந்த ஏத்திக்கினே போனியா?"

"ஆமா."

"அட லூசு. இதத்தான் எங்க லைன்ல புதுசா வர்றவளுங்க செய்வாளுங்க. சைஸ் தப்புச்சின்னா மிஷின்ல ஆஃப்செட் குடுத்து நம்பர சரி பண்ணிடுவா. தப்புச்சின்னா திரும்பக் குடுப்பா. ஷீட்டுல எல்லாம் ஓகே. உள்ள டூலு தேஞ்சி செத்துருக்கும். தொறந்து பாக்க மாட்டா. நீ வேற குவாலிட்டி! நல்லா வெளங்கும்."

கோபம் வந்தது. ஆனால் அன்று மாலையே பவளத்தைத் தனியாக, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டப்பில், விளக்கும் சூடேற்றியும் வைத்து, இறக்கினேன். தொட்டியில் கல் கட்டுகிற உயிர் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் காரத்தன்மை இறங்கக் கூடாது. மருந்தையும் நிறுத்தினேன்.

மறுநாள் காலை டப்புத் தண்ணீரில் சொட்டு விட்டேன். எட்டு. அசையவே இல்லை.

தொட்டித் தண்ணீர் ஆறு.

மீன்கள் இரண்டும் காலி மணலுக்கு மேல் நீந்திக்கொண்டிருந்தன. கண்ணாடி சுத்தமாக இருந்தது. சூடேற்றியில் வெள்ளைப் படிவு ஏதுமில்லை. மறுபடி சோதித்தேன், புது பாட்டிலில். ஆறு. யாருமில்லாத தொட்டியில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல், ஜன்னல் வழியாக வெயில், தெருவில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

அப்போதுதான் கவனித்தேன். பைப்பின் வாயிலிருந்து முன்பு கை கனத்துக்குத் தொட்டியில் விழுந்த தண்ணீர், இப்போது விரல் கனத்துக்குத்தான் விழுந்தது. அக்கா அன்று காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். அவள் பாயில் படுத்துச் சுவரில் காதை வைத்தேன்.

மூச்சுதான். இழுத்து, நின்று, இழுத்து.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தெருவில் எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடும் பிளம்பரை அன்றே கூட்டிவந்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, சமையலறைப் பக்கம் பைப்பை அறுத்தார். வாளியில் தண்ணீர் வடிந்தது. வெட்டிய துண்டை நிமிர்த்திப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"இது போர் தண்ணி உப்பும்மா. ஓசூர்ல எல்லா வீட்டுலயும் இப்பிடித்தான் அடைக்கும்."

"போர் தண்ணியே ஊத்தல பாய்."

பைப்பின் உட்சுவர் முழுக்க வெள்ளையாக, கரடுமுரடாக இருந்தது. நடுவில் சுண்டுவிரல் போகும் ஓட்டை; அதன் வழியே தண்ணீர் திணறிப் போனதுதான் அந்த மூச்சு. அவர் திருப்புளியால் சுரண்டப் போனார். நான் ஃபோன் விளக்கை உள்ளே காட்டினேன். வெள்ளை மேலெல்லாம் மயிரிழை போல ஏதோ சிவப்பாக, அடர்த்தியாக நின்றது. ஒளி பட்டதும் மொத்தமும் ஒரே நொடியில் உள்ளே இழுத்துக்கொண்டது.

பாய் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தார். "யம்மா... உப்புக்கு உசிரு இருக்குமா?"

குழாய்ப் புழுக்கள். பவளத்தோடு ஒன்றிரண்டு வந்திருக்க வேண்டும். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டாம், ஓடும் தண்ணீர் போதும். மீன்களுக்குப் போட்ட இரையின் மிச்சத்தைத் தின்றுகொண்டு, நான் ஊற்றிய கால்சியத்தில் ஆளுக்கொரு கல்வீடு கட்டி, இருட்டில் ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நின்றிருக்கின்றன. நான் மருந்தைக் கூட்டக் கூட்ட அவை கட்டியிருக்கின்றன. தினமும் ஊற்றியதில் காரத்தன்மை ஏறி இறங்கிய வேகத்தில் பவளத்துக்குச் சதை வெந்தது. இவைதான் கொழுத்தன. நான் வருடக்கணக்கில் வளர்த்தது இவற்றைத்தான்.

பைப்பை எடுத்துப் போட்டோம். சுவருக்குள் இருந்த துண்டை மட்டும் எடுக்க முடியவில்லை. செங்கல்லை உடைக்க வேண்டும், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். பாய் இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டிவிட்டார்.

மோட்டாரை மறுபடி தொட்டிக்குக் கீழேயே வைக்க வேண்டியதாயிற்று. பைப்பில் இருந்ததை மட்டும் அக்காவிடம் சொன்னேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவளே சொன்னாள்: "வையி. மோட்டார் சத்தம் பரவால்ல. அது என்னான்னு தெரியும்."

பவளத்தைத் தொட்டிக்குத் திருப்பிய ஒன்பதாம் நாள் காலை, மிச்சமிருந்த ஆறு தலைகளில் நடுத்தலை ஒரே ஒரு பச்சை விரலை வெளியே நீட்டியது. மருந்து ஊற்றாமல் சொட்டு எண்ணினேன். ஒரு வாரத்தில் ஒரே ஒரு சொட்டுதான் இறங்கியிருந்தது. அது என் பவளத்தின் பசி, அதனுடையது மட்டும். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

அக்கா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தாள். "பொழச்சிச்சா?"

"பொழச்சிக்கும்னு நெனக்கிறன்."

பாயை எடுத்தாள். எதிர்ச் சுவரோரம், மோட்டார் இரையும் தொட்டியின் காலடியிலேயே விரித்தாள். படுத்த பிறகு கேட்டாள்:

"செவுத்துக்குள்ள இருக்கிற அந்தத் துண்ட மூடறப்ப உள்ள தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ம்," என்றாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.