மூக்கு போனால் என்ன, கை இருக்கிறது!

மூன்று வருடங்களுக்கு முன் குரோம்பேட்டையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டது. பேச்சும் நடையும் மெல்லத் திரும்பின. வாசனை மட்டும் திரும்பவே இல்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டதாம்.

போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி பற்றவைக்க லைட்டரை எடுத்தேன்.

"ஸ்டெல்லா, லைட்டரக் கீழ போடு! கேஸ் நாத்தம் இங்க வரைக்கும் வருது!" என்று பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா தன் ஜன்னலிலிருந்து அலறினார்.

கேஸை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

அன்று மாலை கணவர், "இனிமே நீ கிச்சன் பக்கமே போவாத. சமைக்க ஆள் வெச்சிக்கலாம்" என்றார்.

"மூக்குதாங்க போச்சு, கை நல்லாத்தான் இருக்கு. ஆள் வேணாம், கேஸ் அலாரம் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

இப்போது அலாரம் சுவரில் இருக்கிறது. பால் பொங்கி இறக்கும்வரை நான் அடுப்பை விட்டு நகர்வதில்லை. மீன்காரம்மாவிடம் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். முகர்ந்து பார்த்து வாங்கிய காலத்தில்கூட இவ்வளவு நல்ல மீன் கிடைத்ததில்லை!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் குழம்பு வைப்பேன். அது கொதிப்பது எனக்கு மணக்காது. ஆனால் அதே ஜன்னலிலிருந்து மல்லிகா அக்காவின் குரல் வரும்: "ஸ்டெல்லா, வஞ்சிரமா? எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையி!"

– ஸ்டெல்லா, சிட்லபாக்கம்