முதல் பக்கத்தில் கொலைகாரன்

வியாழக்கிழமை மாலை ஐந்து பத்து. வாசகசாலைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு மேசையில் பதிவேட்டை விரித்து நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஒருவர் ஒரு புத்தகத்தைத் திறந்து உடனே மூடியது. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாரம், நாற்பது வயதிருக்கும். அடுத்த புத்தகத்தை எடுத்தார். முன்னட்டையைத் திறந்தார், உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார், மூடினார், இருந்த இடத்திலேயே செருகினார். ஏழு புத்தகங்களை இப்படிப் பார்த்து முடிக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் நின்றது துப்பறியும் நாவல் அலமாரியின் முன்.

"என்ன தேடுதீய, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கொலைகாரன் யாருன்னு எழுதாத புத்தகம் ஏதும் இருக்கா?"

"இல்ல."

"இந்தச் சீட்டு எழுதுதது நீதானா?"

"ஆமா."

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. ஆனாலும் பழைய துறைமுகத்திலிருந்து பாய்த் தோணிகள் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் அப்படியொரு தோணிக்குத் தண்டல். தோணியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் தலைவர். காற்று சரியாக இருந்தால் கொழும்புக்கு இரண்டு நாள், இல்லையென்றால் நான்கு. அங்கே போய்ச் சரக்கு இறக்க முறை வரும்வரை நங்கூரத்தில் இன்னும் ஒரு வாரம். தோணியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். சத்தமாக வாசிப்பவர் இவர். மற்ற எட்டுப் பேரும் கேட்பார்கள், இவன்தான் அவன்தான் என்று ஆளுக்கு ஒருவனைப் பிடிப்பார்கள்.

"போன தடவ எங்க பய ஒருத்தன் இங்கேருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தான். என்ன ஆச்சு தெரியுமா? நான் மொதப் பக்கம் வாசிக்கதுக்கு முன்னால எங்க சுக்கானிக்காரன் அட்டையத் தெறந்து பாத்துட்டான். 'வக்கீல், தூக்கு'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டான். நாலு நாள் கடல். ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கல."

சீட்டில் அப்படித்தான் இருந்தது. அதை நான்தான் எழுதியிருந்தேன்.

சீட்டின் கதை இது. ஊரைவிட்டு மாற்றலாகிப் போன ஒரு கிளியரிங் ஏஜெண்ட் இரண்டு பெட்டி நாவல்களை எங்கள் பங்கின் மாதா கோயில் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பாதி துப்பறியும் நாவல், பாதி வளர்கிற பிள்ளைகளுக்கான சாகசக் கதை. வாசகசாலைக் குழுவில் மூன்று பேர்: பங்குச் சாமி, ஒரு உப்பு வியாபாரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நாவல்களை அப்படியே அடுக்கக் கூடாது, யாராவது வாசித்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் கருத்து எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். நான் புகுமுக வகுப்பு முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன். என்னைப் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் கதைப்புத்தகம் படிக்கத் தடை. கோயில் வேலைக்குத் தடை இல்லை. அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது: "அவ சும்மா வாசிக்கல, கோயில் வேலையா வாசிக்கா." அடுப்படியில் உட்கார்ந்து கத்திக்குத்தை வாசித்தாலும் யாரும் என்னை வேறு வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த ஆறு மாதம் போல் அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

கருத்துச் சீட்டின் தலைப்புகளைத் தலைமையாசிரியரே வகுத்திருந்தார். மொழி கண்ணியமானதா? என்ன குற்றம்? செய்தது யார்? தண்டிக்கப்பட்டாரா? யார் படிக்கலாம்? நிரப்பிய சீட்டைப் புத்தகத்தின் உள்ளே ஒட்ட வேண்டும். நான் முன்னட்டையின் உட்புறத்தில் ஒட்டினேன். குழு பார்த்தது, சரி என்றது. கொலைகாரனின் பெயரை முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு நாவலை இரவல் கொடுக்கிறோம் என்பது மூன்று மாதமாக எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒன்றிரண்டு பேரைத் தவிர ஏன் யாரும் எடுப்பதில்லை என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

பேச்சு கிறிஸ்துமஸ் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. ஈஸ்டர் முடிந்து பார்ப்பது; அப்போதும் நாவல்கள் அசையாமல் இருந்தால் இரண்டு பெட்டியையும் எடைக்குப் போட்டுவிட்டு, அலமாரியில் புனிதர் வரலாறுகளை அடுக்குவது. அலமாரி போனால் கோயில் வேலை போகும். வேலை போனால் என் வாசிப்பும் போகும். அம்மாவிடம் வேறு காரணம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தண்டல் அன்று கடைசியில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "தெரிஞ்ச கொலையாவது கொண்டு போறேன்" என்றார்.

மறுநாள் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். "செய்தது யார்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். அவர் யோசித்தார். எதையும் யோசிக்காமல் மறுப்பவர் அல்ல.

"ஒரு பையன் பாதிப் புத்தகம் படிக்கிறான். பரீட்சை வந்துவிடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அவன் மனதில் என்ன இருக்கும்? குற்றம் இருக்கும், தண்டனை இருக்காது. அதனால்தான் சீட்டு."

திரும்பி வந்தேன்.

அடுத்த சீட்டில் முதல் பொய்யை எழுதினேன். ஒரு பெரிய வீடு, ஒரு டாக்டர், ஒரு தோட்டக்காரர். கொன்றது டாக்டர். சீட்டில் தோட்டக்காரர் என்று போட்டேன். ஆயுள் தண்டனை என்பதை மாற்றவில்லை. தண்டனை விஷயத்தில் பொய் எழுதக் கை வரவில்லை. யாராவது ஒருவராவது கடைசிப் பக்கத்தில் திடுக்கிடட்டுமே என்பதைத் தவிர அப்போது என்னிடம் திட்டம் எதுவும் கிடையாது.

அதை எடுத்துப் போனவரும் அதே தண்டல்தான். பதினெட்டு நாள் கழித்து வந்து, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏளா. தோட்டக்காரன்னு எழுதியிருந்தே."

"ஆமா."

"கொன்னது டாக்டர்லா."

நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க சுக்கானிக்காரன் ரெண்டு நாளா அந்தத் தோட்டக்காரன வைஞ்சிக்கிட்டே வந்தான். செடிக்குத் தண்ணி ஊத்துனாலும் வைஞ்சான். 'பாரு, கைய கழுவுதான் கொலகாரப்பய'ன்னான். கடைசிப் பக்கத்துல டாக்டர்னு வந்ததும், நான் மாத்தி வாசிக்கேன்னு புத்தகத்தப் புடுங்கிப் பாத்தான். அதுக்கப்புறம் ஒருநாள் பூரா அவன் பேசல. தோட்டக்காரன்கிட்ட மன்னிப்பு கேக்க வழியில்லன்னு பயலுவ கேலி பண்ணிட்டானுவ."

"யாரிட்டயும் சொல்லிராதீய, அண்ணாச்சி."

"நான் ஏன் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு மூன்று புத்தகம் எடுத்துப் போனார்.

சொல்லித்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரம் தோணிக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். சங்கு குளிக்கிற இரண்டு பேர் வந்தார்கள். சரக்கு எண்ணும் டாலி கிளார்க் ஒருவர், தம்பிக்கு என்று சொல்லித் தனக்கு எடுத்துப் போனார். எல்லாரும் அட்டையைத் திறந்து சீட்டைப் பார்த்தார்கள். ஆனால் இப்போது மூடிவைக்கவில்லை. சீட்டில் பெயர் இருப்பவன் நல்லவன் என்று துறைமுகத்தில் பேச்சு. அதைக் கேள்விப்பட்டதும் இரண்டு சீட்டில் உண்மையை எழுதினேன். அதற்கு வந்து சண்டை போட்டார்கள்.

பொய் எழுதப் போய்த்தான் நாவலை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பொய்க் கொலைகாரனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், அவன் கடைசி அத்தியாயம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். சில நாவல்களில் ஆளே கிடைக்காது. உண்மையான கொலைகாரனைத் தவிர மற்ற எல்லாரையும் எழுதியவர் சும்மா நிற்கவைத்திருப்பார். கதவு திறக்க ஒருவர், காப்பி கொண்டுவர ஒருவர். வேறு சிலவற்றில் மூன்று பேர்மீது பழி போடலாம், மூன்றும் பொருந்தும். அவைதான் நல்ல நாவல்கள். இந்த அளவுகோலை நான் இன்றும் மாற்றவில்லை.

சாகசக் கதைகளுக்கு இந்த அளவுகோல் உதவவில்லை. தப்பு செய்வது எப்போதும் ஒரு மாமா அல்லது சித்தப்பா. கடைசியில் அழுவார், மன்னிக்கப்படுவார். "தண்டிக்கப்பட்டாரா?" என்ற இடத்தில் "இல்லை, மன்னிக்கப்பட்டார்" என்று எழுதிய சீட்டுகளைத் தலைமையாசிரியர் தனியே எடுத்து வைத்து, இதைச் சாமியிடம் கேட்க வேண்டும் என்றார். என் மனக்குறை வேறு. முதல் பக்கத்திலேயே அப்பாவும் அம்மாவும் விபத்தில் செத்துப்போவார்கள், அல்லது வெளிநாடு போய்விடுவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் படகெடுத்துத் தீவுக்குப் போவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் முக்குக் கடைக்குப் போய்வர நான்கு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு அம்மா உயிரோடு வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கதைகளில் ஒன்றுகூட நடந்திருக்காது. அம்மா இருக்கும்போதே நடக்கிற சாகசத்தை ஏன் யாரும் எழுதவில்லை என்று சீட்டின் ஓரத்தில் எழுதினேன். அதற்கென்று தலைப்பு இல்லாததால் பிறகு அடித்துவிட்டேன்.

கடல் வருகிற கதைகளில் என் கருத்து தேவைப்படவில்லை. வாசித்தவர்களே பென்சிலால் எழுதிவிட்டார்கள். எதிர்த்து வீசும் வாடைக்காற்றில் தெற்கேயிருந்து ஒரே இரவில் பாய் விரித்து வருகிற கதாநாயகன் பக்கத்தில், "இவன் நீந்தித்தான் வந்திருக்கணும்." மூச்சடக்கிப் பத்து நிமிடம் முத்தெடுக்கிறவன் பக்கத்தில், சங்கு குளிக்கிறவர்களில் யாரோ: "அப்ப இவன்தான் செத்த ஆள்."

பின்னாளில் நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்தது, யார் செய்தார் என்பதை முதல் வரியிலேயே வைக்க வேண்டும் என்பது. எனக்குச் சிரமமாகவே இல்லை. அந்த மூன்று மாதமும் நாங்கள் நாவல்களுக்குச் செய்தித் தலைப்புப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை வரிசையில் நின்று, முறை வந்ததும் முழங்காலிட்டேன்.

"சாமி, பொய் சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"பதினேழு."

"யாரிடம்?"

"ஆளிடம் இல்ல, சாமி. சீட்டுல எழுதினேன்."

கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்த முகம் நெருங்கி வந்தது.

"வாசகசாலைச் சீட்டிலா?"

"ஆமா, சாமி."

"அந்த மலை பங்களா கதையிலுமா?"

"ஆமா."

"அப்படியென்றால் கொன்றது சமையல்காரன் இல்லையா?"

"இல்ல, சாமி. கொன்னது—"

"சொல்லாதே. இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது."

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, மூன்று செபம் சொல்லச் சொன்னார். ஈஸ்டர் முடிந்து குழு கூடுவதற்குள் பதினேழு சீட்டையும் சரியாக்கிவிட வேண்டும், அதுதான் அபராதம் என்றார். சரியாக்கினால் அலமாரி என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்துப் புதன்கிழமை வெளியே போயிருந்த புத்தகங்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினேன். தோணியில் போனவை செவ்வாயன்றே திரும்பியிருந்தன. ஈரத் துணியை வைத்து ஒவ்வொரு சீட்டாக ஊறவைத்து உரித்தேன். நான் வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை, லேசில் விடவில்லை. சீட்டோடு அட்டையின் மேல்தாளும் உரிந்து வந்தது. முதல் புத்தகத்தில் புதுச் சீட்டை அதே இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை, கிழிந்த தாளோடு சுருண்டு விழுந்தது. ஒட்டுவதற்கு நல்ல தாள் எங்கே இருக்கிறது என்று புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னட்டை சுத்தமாக இருந்தது.

குழு சொன்னது "புத்தகத்தின் உள்ளே" என்றுதான்.

பதினேழையும் பின்னட்டையில் ஒட்டினேன். டாக்டர் என்று எழுதினேன், சித்தி என்று எழுதினேன், வக்கீல் என்று எழுதினேன், எல்லாம் உண்மை. பிறகு மிச்சமிருந்த புத்தகங்களைப் பார்த்தேன். அவற்றில் பொய் இல்லை, அபராதமும் இல்லை. அவற்றையும் ஊறவைத்தேன். அதற்கு இரவு எட்டு மணி ஆனது. அம்மா ஆள் அனுப்பிவிட்டாள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மாலை குழு வந்தது. தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைத் திறந்தார்.

"சீட்டு எங்கே?"

"பின்னால, சார்."

திருப்பினார். வாசித்தார்.

"பாதியில் நிறுத்துகிறவன் என்ன செய்வான்?"

"திருப்பிப் பாத்துக்குவான், சார்."

"நிறுத்தாதவன்?"

"அவன் எப்படியும் அங்கதான் வந்து சேருவான்."

அவர் மறுக்கவில்லை. மறைக்க விருப்பமில்லாமல், பதினேழு சீட்டில் ஆளை மாற்றி எழுதியிருந்ததையும் சொன்னேன்.

"தண்டனையையுமா மாற்றினாய்?"

"இல்ல, சார். அது சரியாத்தான் இருந்தது."

"அப்படியென்றால் சரி" என்றார்.

சாமி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உப்பு வியாபாரி அலமாரியைப் பார்த்துவிட்டு, "மத்த புஸ்தகமெல்லாம் எங்கனம்மா?" என்று கேட்டார். முந்தின நாள் இரவல் போனவற்றின் பக்கத்தைத் திறந்து, பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று பேரும் நின்றபடியே விரல் வைத்துப் பார்த்தார்கள். நாவல்கள் இருக்கும், எடைக்குப் போடுவதில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்போது அலமாரியில் நான்கு புத்தகங்கள் இருந்தன.